பெருக்காதே, கழித்துப் பார்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு லிஸ்பனில் வேலை என்றதும் இங்கே எங்கள் வீட்டிலும் பாயசம்தான். ஆனால் 1,500 யூரோவை நூறால் பெருக்கி "மாசம் ஒன்றரை லட்சம்டா!" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு இடிக்கிறது. பெருக்காதே, வாடகையைக் கழித்துப் பார்.

சமூகப் பாதுகாப்புக்கு 11 சதவீதம் பிடிப்பார்கள். அப்புறம் வருமான வரி. கைக்கு வருவது 1,200-க்கும் கீழேதான். ஊருக்குள் 'டி ஒன்', அதாவது ஒற்றைப் படுக்கையறை வீடு, ஆயிரத்துக்குக் குறைவாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். கோடைக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று வருஷத்தில் 14 சம்பளம் உண்டு, அது ஒரு ஆறுதல். 2025-இல் இங்கே குறைந்தபட்சச் சம்பளமே 870 யூரோ. அதை வாங்குகிறவர்கள் தனி வீடு பற்றி யோசிப்பதே இல்லை, அறையில் ஒரு கட்டிலுக்குத்தான் அலைகிறார்கள்.

கடனில் தத்தளித்த போர்ச்சுகல் அரசு 2012-இல் ஒரு வழி திறந்தது. ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கும் வெளிநாட்டவருக்குக் குடியிருப்பு அனுமதி. 2023-இல் வீடு வாங்கி அனுமதி பெறுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஏறிய வீட்டு விலை ஏறினதுதான். சுற்றுலா வேறு. லிஸ்பனின் பழைய பகுதியான அல்ஃபாமாவில் நாங்கள் இருந்த தெருவில் கதவுக்குக் கதவு 'ஏ.எல்.' பலகை. பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடும் வீடு என்று அர்த்தம். கல் பாவிய ஏற்றத்தில் பெட்டிச் சக்கரங்கள் கடகடவென்று உருண்டு விடிகாலை நாலு மணிக்கே எழுப்பிவிடும். 2017-இல் எங்கள் வீட்டுக்காரரும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நான் மாதம் முழுக்கக் கொடுத்ததை அவர் பத்தே நாளில் பார்த்துவிடுவார், என்ன சொல்லிச் சண்டை போடுவது?

போன வருஷம் வியன்னா போயிருந்தேன். 1930-இல் நகராட்சி கட்டி முடித்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பின் வாசலில் நின்று பார்த்தேன். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம்! உள்ளே துணி காய்கிறது, பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். 1923-இல் பணக்கார வீடுகளுக்குக் கூடுதல் வரி போட்டு, அந்தக் காசில் தொழிலாளிக்கு வீடு கட்ட ஆரம்பித்த ஊர். இன்றைக்கும் சுமார் 2,20,000 வீடுகள் நகராட்சி கையில். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் அங்கேயும் இரண்டு வருஷம் ஊரில் குடியிருந்தால்தான் வரிசையில் சேர முடியும். நேற்று வந்தவன் எங்கேயும் வெளியேதான்.

நாங்கள் இப்போது ஆற்றுக்கு அக்கரையில், அல்மாதாவில். மாதப் பயணச் சீட்டு 40 யூரோ. இங்கே காசில்யாஸ் துறையில் படகு ஏறினால் பத்து நிமிஷத்தில் லிஸ்பன். மகனையும் இந்தப் பக்கமே தேடச் சொல். வீட்டுக்காரர்கள் முன்பணத்தோடு, பிணை நிற்க உள்ளூர் ஆளும் கேட்பார்கள். அதற்கு நான் இருக்கிறேன். வீடு அமையும் வரை எங்கள் ஹால் சோபாவில் படுக்கட்டும், கால் கொஞ்சம் வெளியே நீளும், அவ்வளவுதான். வேலை உத்தரவின் நகலை மட்டும் இந்த வாரமே அனுப்பு.

உன்,
ரங்கன்