செயலாளரின் ஆண்டறிக்கை: காலை உணவுக்குக் காய்கறி ரொட்டி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணியை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சென்ற பொதுக்குழுவில் நாம் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் ஒன்றுதான். வீட்டிலேயே மாவு பிசைந்து, மேலே காய்கறி வைத்துச் சுடும் தட்டை ரொட்டியை, விடுமுறை நாள் பலகாரமாக இல்லாமல், வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்புகிற காலையிலும் செய்துவிடும் அளவுக்கு எல்லோருக்கும் பழக்க வேண்டும் என்பது அது. மாதக் கூட்டங்கள் அத்தனையும் இதைச் சுற்றியே நடந்தன. ஒரே ஒரு மாதம் அரங்கம் கிடைக்காமல் கூட்டம் தள்ளிப்போனது. மற்றபடி தடை எதுவும் இல்லை.

முதல் செய்முறைக் கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் பதிவு செய்கிறேன். தக்காளி, வெங்காயம், குடைமிளகாய் மூன்றையும் வட்டமாக அரிந்து, தேய்த்த மாவின் மேல் பச்சையாகவே அடுக்கி, கல்லில் போட்டு மூடி வைத்தோம். பார்வைக்கு அழகாக இருந்தது. எடுத்து வெட்டியபோது ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி கூழாகவும் இருந்தன. தக்காளி வில்லையைத் தூக்கினால் அதோடு மாவும் பசைபோல ஒட்டிக்கொண்டு வந்தது. ஓர் உறுப்பினருடன் வந்திருந்த சிறுமி ஓரத்தை மட்டும் சுற்றிலும் கடித்துத் தின்றுவிட்டு, நடுவை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். அந்தத் தட்டுதான் இந்த ஆண்டு முழுவதற்கும் நமக்குப் பாடத்திட்டம் ஆனது.

காரணம் எளிது. தக்காளியின் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். வெள்ளரிபோல நீளமாக இருக்கும் சுக்கினிக் காயும் அப்படியே. காளானிலும் குடைமிளகாயிலும் 92 சதவீதம் அளவில் இருக்கும், வெங்காயத்தில் 89. சூடு பட்டதும் அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் மாவுக்குள் இறங்குகிறது. தண்ணீர் இருக்கும் இடத்தில் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. ரொட்டி பொன்னிறமாகி மணம் வர வேண்டுமானால் மேற்பரப்பு 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நிறம் மாறும் இந்த வினையை 1912இல் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார். வினைக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஈரமான நடுப்பகுதியில் அந்த வினைக்கு வாய்ப்பே இல்லை. ரொட்டி வேகாமல் போனதற்கு அடுப்பைக் குறை சொன்னோம், மாவைக் குறை சொன்னோம். குற்றம் காயின் தண்ணீரில் இருந்தது.

எனவே அடுத்த இரண்டு கூட்டங்களில் மாவைத் தொடவே இல்லை. காய்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். இந்தக் கூட்டங்களில்தான் நாம் அதிகம் கற்றோம் என்பது என் உறுதியான கருத்து. அரை கிலோ சுக்கினியைத் துருவி, உப்புப் பிசிறி, 20 நிமிடம் வடிதட்டில் வைத்தோம். பிறகு மெல்லிய துணியில் கட்டிப் பிழியும் வேலை ஓர் இளைஞரிடம் கொடுக்கப்பட்டது. அவர் நாலைந்து முறை முறுக்கிவிட்டு, "அவ்வளவுதாம்மா" என்றார். பக்கத்தில் நின்ற மூத்த உறுப்பினர், "இன்னும் இருக்கு தம்பி, துணியை மடிச்சுப் போட்டுப் பிழியுங்க" என்றார். பிழிந்த பிறகு கீழே வைத்திருந்த டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. அதை எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். ரொட்டிக்குள் இறங்கியிருக்க வேண்டிய தண்ணீரைக் கண்ணால் பார்த்த பிறகு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

காளானுக்கு வேறு வழி. எண்ணெய் ஊற்றாமல் சூடான கல்லில் பரப்பினால் முதலில் தண்ணீர் விடும். கிளறிக்கொண்டே இருந்தால் அது முழுவதும் சுண்டி, காளான் ஓரங்களில் சிவக்கத் தொடங்கும். அதன் பிறகே எண்ணெயும் உப்பும். பசலைக்கீரையை ஈரத்தோடு ஒரு நிமிடம் வதக்கி, ஆறவிட்டு, உள்ளங்கையில் உருட்டிப் பிழிய வேண்டும். ஒரு பாத்திரம் நிறைய இருந்த கீரை ஒரு பிடியாக அடங்கிவிடும். வெங்காயத்தை மெல்லிய தீயில் அரை மணி நேரம் விட்டால் அதன் இனிப்பு முழுவதும் வெளியே வரும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கருகுமே தவிர இனிக்காது. கேரட்டைத் துருவினால் போதும். பூக்கோசைச் சிறு பூக்களாகப் பிரித்து வதக்கிக்கொள்ள வேண்டும், பச்சையாக வைத்தால் ரொட்டி வெந்த பிறகும் அது வேகாது.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பை வழித்து எறிந்துவிடுவது பலரின் பழக்கமாக இருந்தது. தண்ணீர் குறைவது உண்மைதான். ஆனால் நாவில் நிற்கும் அந்த ஆழ்ந்த சுவையைத் தருகிற குளுட்டமேட், சதையைவிட அந்த வழவழப்பில்தான் அதிகம். அதை எறிவது தக்காளியின் பாதிச் சுவையை எறிவது. நாம் கண்ட வழி, சதையைத் தனியே உப்பிட்டு வடியவிட்டு, விதைப்பகுதியைப் பூண்டோடு சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, அந்தச் சாந்தை ரொட்டியின் மேல் முதலில் தடவுவது. கரண்டியால் பாத்திரத்தின் அடியில் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம்.

இனி மாவு. அளவைத் திரும்பத் திரும்பச் செய்துபார்த்து ஏற்றுக்கொண்டது இது: மைதாவும் முழுக்கோதுமை மாவும் சரிபாதியாக 500 கிராம், தண்ணீர் 325 மில்லி, உப்பு 10 கிராம், உடனடி ஈஸ்ட் அரை தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி. ஆறு ரொட்டி வரும். முழுக்கோதுமையைக் கூட்டினால் தண்ணீரையும் கூட்ட வேண்டும். தவிடு மெதுவாகத்தான் நீரை உறிஞ்சும். அதனால் மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் சும்மா விட்டுவிட்டு, அதன் பிறகு உப்பும் ஈஸ்டும் சேர்த்துப் பிசைந்தால் பாதி உழைப்பு மிச்சம். பிரெஞ்சு ரொட்டிப் பேராசிரியர் ரேமோன் கால்வெல் 1970களில் பரப்பிய முறை இது. பிசைந்தது போதுமா என்று பார்க்க, சிறு உருண்டையை இரு கைகளாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியாமல் விரிந்து, வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய தோலாக நின்றால் போதும். முழுக்கோதுமை கலந்த மாவு அவ்வளவு மெல்லியதாக விரியாது, தவிட்டுத் துகள்கள் இழைகளை அறுத்துவிடும். அதற்காக மனம் தளர வேண்டாம்.

இந்த ஆண்டில் நம் உறுப்பினர்களின் காலையை மாற்றியது அளவோ பிசையும் விதமோ அல்ல. இரவில் பிசைவதுதான். காலையில் எழுந்து பிசைந்து, உப்ப விட்டு, தேய்த்துச் சுடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலைநாளில் அது நடக்காது. முதல் நாள் இரவு பிசைந்து, அரை மணி நேரம் வெளியே வைத்து, எண்ணெய் தடவிய மூடிப் பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், 4 டிகிரி குளிரில் ஈஸ்ட் நின்றுவிடாமல் மிக மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கும். மாவிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக உடைக்கின்றன. பத்து முதல் பதினாறு மணி நேரம் கழித்துச் சுடும்போது சுவையும் நிறமும் அவசர மாவைவிடத் தெளிவாக மேலானவை. வதக்கிய காய்களையும் அதே இரவில் முடித்து, ஆறியவுடன் மூடி உள்ளே வைத்துவிடலாம்.

என் வீட்டிலும் ஒருமுறை தவறியது. ஃப்ரிட்ஜில் இடம் இல்லை என்று மாவை மேடையிலேயே இரவு முழுவதும் விட்டேன். ஈஸ்டும் முழு தேக்கரண்டி போட்டிருந்தேன். காலையில் மாவு மூடியைத் தள்ளி வழிந்து, பின் அமுங்கி, புளிப்பும் சாராய நெடியுமாகக் கிடந்தது. தேய்த்தால் பிய்ந்தது. வெளியே வைக்க நேர்ந்தால் ஈஸ்ட் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம் என்பதை அன்று முதல் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

சுடுவது கல்லிலா, ஓவனிலா என்ற விவாதம் இரண்டு கூட்டங்களை எடுத்துக்கொண்டது. செயற்குழு இரண்டையும் ஏற்றது. என் பரிந்துரை காலை வேளைக்குக் கல்தான். கனமான இரும்புக் கல்லை நன்றாகக் காயவிட்டு, அரை சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் தேய்த்த ரொட்டியை வெறுமையாகப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் அடியில் புள்ளி விழும். திருப்புங்கள். இப்போது மேலே இருப்பது வெந்த பக்கம்; அதில்தான் சாந்தும் காயும் வைக்க வேண்டும். வெந்த பக்கத்தில் ஒரு உலர்ந்த தோல் உருவாகியிருப்பதால் ஈரம் உள்ளே இறங்காது. தீயைக் குறைத்து மூன்று நிமிடம் மூடி, கடைசி ஒரு நிமிடம் மூடியை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் மூடியில் படிந்த நீராவி துளித்துளியாக ரொட்டி மேலேயே விழும். இந்தத் திருப்பல் முறையைக் கண்டு சொன்ன உறுப்பினருக்குச் செயற்குழு பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. முதல் கூட்டத்துக்கு வந்திருந்த அதே சிறுமி, அன்று செய்த ரொட்டியை நடுவிலிருந்து தின்னத் தொடங்கினாள்.

தேய்க்கும்போது மாவு ரப்பர்போலப் பின்னுக்கு இழுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் மூடி வையுங்கள், தானே தளரும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவை உருண்டையாக்கி முக்கால் மணி நேரம் வெளியே வைத்தாலே இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

ஓவன் வைத்திருப்போருக்கு ஒரு செய்தி. சங்கத்தில் பயன்படுத்திய ஓவனில் 230 டிகிரி வைத்தும் ரொட்டி வெளிறியே வந்தது. தனி வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தபோது அது காட்டியது 200. அதன் பிறகு நாம் தட்டை உள்ளேயே அரை மணி நேரம் காயவிட்டு, 250 வைத்துச் சுடுகிறோம். எட்டு முதல் பத்து நிமிடம் போதுமானது.

ரொட்டியின் வரலாறு குறித்து உறுப்பினர் ஒருவர் பேசிய கூட்டம் பலர் நெஞ்சில் நின்றது. ஜோர்டானில் ஷுபைக்கா என்ற இடத்தில் ஏறத்தாழ 14,400 ஆண்டுப் பழமையான அடுப்பில் கருகிய தட்டை ரொட்டித் துணுக்குகள் கிடைத்ததை 2018இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வேளாண்மை தொடங்குவதற்குச் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டுத் தானியங்களையும் கோரைக் கிழங்கையும் இடித்து ரொட்டி சுட்டிருக்கிறார்கள். பயிரிடக் கற்பதற்கு முன்பே மனிதர் ரொட்டி சுடக் கற்றுவிட்டார்கள் என்பதைக் கேட்டு அரங்கம் சற்று நேரம் அமைதியாக இருந்தது.

உடல்நலம் சார்ந்து செயற்குழு மூன்று செய்திகளைக் கூற விரும்புகிறது. முதலாவது உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது. நம் அளவில் ஒரு ரொட்டியின் மாவிலேயே 1.7 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. இரண்டு ரொட்டி சாப்பிட்டால் காலையிலேயே நாளின் அளவில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. காய்க்கு இட்ட உப்பு பிழிந்த தண்ணீரோடு ஒரு பகுதி போனாலும் மீதி தங்கும். ஆகவே காயில் மறுபடி உப்பு போட வேண்டாம். சீஸ் வைத்தால் இன்னும் கவனம் தேவை. மிளகும் பூண்டும் ஒரு பிழிவு எலுமிச்சையும் அந்தக் குறையைத் தெரியவிடாது. அதே நிறுவனம் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, பழம் சாப்பிடச் சொல்கிறது. ஒரு ரொட்டியின் மேல் 100 கிராம் காயைச் சுண்டவைத்து ஏற்றிவிட முடியும் என்பது நமக்குப் பெரிய மகிழ்ச்சி. உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் சேராது.

இரண்டாவது, பிள்ளைகள் பச்சை மாவை வாயில் போடுவது. மாவு வேகவைக்கப்படாத பொருள். அதில் சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். பிசைய விடுங்கள், சுவைக்க விடாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் செய்யுங்கள்.

மூன்றாவது, சீலியாக் நோய் உள்ளவர்கள். அவர்களுக்குக் கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் சிறு துளியும் ஆகாது. இந்தத் தொடர்பை நிறுவியவர் டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இப்படிப்பட்ட உறுப்பினர் நம்மிடமும் இருக்கிறார். ஆண்டின் முதல் பாதியில் அவர் கூட்டத்துக்கு வந்தும் ஒன்றும் சாப்பிடாமல் போனது எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது கடலை மாவில் தனியாகக் கரைத்து, தனிக் கல், தனிக் கரண்டி வைத்து, கோதுமை மாவு காற்றில் பறக்கும் முன்பே அவருக்கு முதலில் சுட்டுவிடுகிறோம். இந்த ஏற்பாடு தொடர வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். கல், வடிதட்டு, தராசு, வெப்பமானி ஆகியவை இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்டுள்ளன. பிழியும் துணிகள் நைந்துவிட்டன, புதிதாக வாங்க அனுமதி வேண்டுகிறேன். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பின்னும் கடைசிவரை நின்று பாத்திரம் கழுவிக் கொடுத்த உறுப்பினர்களுக்குச் செயற்குழுவின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டின் முதல் கூட்டத்தில் ஈஸ்ட் இல்லாமல், வீட்டிலேயே வளர்த்த புளிமாவில் ரொட்டி செய்யத் திட்டமிட்டிருக்கிறோம். புளிமா தயாராக ஒரு வாரத்துக்கு மேலாகும் என்பதால், மாவும் தண்ணீரும் சம எடையில் கலந்து நாளை முதலே தொடங்கிவிடுங்கள். ஒவ்வொரு நாளும் பாதியை எடுத்துவிட்டுப் புதிதாக மாவும் நீரும் சேர்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளில் நுரைத்துவிட்டு, அடுத்த நாள்களில் அசைவே இல்லாமல் கிடக்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். பூஞ்சை படிந்தால் மட்டும் கொட்டுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் மட்டம் தெரிய ஒரு ரப்பர் வளையம் மாட்டி, அப்படியே கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இந்த அறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்