'தி' எழுதும் முன்: கணித ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகப் பல்கலைக்கழகங்களின் கணித ஆய்வு நெறியாளர்களுக்கு,

வணக்கம்.

மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளில் 'எ' (a), 'தி' (the) என்ற சுட்டுச்சொற்கள் இடம் மாறி வந்தால் அதை ஆங்கிலப் பிழை என்று ஒதுக்கிவிடுகிறோம். கடைசியில் மொழி திருத்துபவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டும் விடுகிறோம். பெரும்பாலும் அது கணிதப் பிழை. நிரூபணத்தைச் சரிபார்க்கும்போதே நீங்கள் அதையும் பார்க்க வேண்டும்.

ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒய்-யின் வகைக்கெழு, ஒய்-யின் மூன்றில் இரண்டாம் அடுக்கைப்போல் 3 மடங்கு. எக்ஸ் பூச்சியமானால் ஒய்யும் பூச்சியம். எங்கும் பூச்சியமான சார்பு இதற்குத் தீர்வு. எக்ஸின் முப்படியும் தீர்வுதான். இங்கே 'லெட் ஒய் பி தி சொல்யூஷன்' என்று மாணவர் தொடங்கினால், முதல் வரியே பொய்யாகிவிடுகிறது. தீர்வு ஒன்றுதான் என்று உறுதிசெய்யும் லிப்ஷிட்ஸ் நிபந்தனை இருந்தால் அதே வரி சரி. தீர்வு உண்டு என்று மட்டும் சொல்லும் பியானோ தேற்றம் மட்டும் கையில் இருந்தால் 'எ சொல்யூஷன்' என்பதற்கு மேல் போக முடியாது. 'தி' என்பதற்குள் 'உண்டு', 'ஒன்றுதான்' என இரண்டு கூற்றுகள் இருப்பதை 1905-லேயே தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் பிரித்துக் காட்டிவிட்டார்.

மொழி திருத்துபவருக்கு லிப்ஷிட்ஸ் தெரியாது. காதுக்கு இதமாக இருக்கிறதென்று 'எ'-யைத் 'தி' ஆக்கினால் தேற்றமே மாறிப்போகும். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை; அது நம் வேலை.

முன்பு எடுத்துக்கொண்ட ஒன்றைத் திரும்பச் சுட்டவும் 'தி' வரும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். 'எ சொல்யூஷன்' என்று ஒன்றை எடுத்துவிட்டால், அடுத்த வரியில் அதையே 'தி சொல்யூஷன் ஒய்' எனலாம். 'தியரம் 3', 'பை இண்டக்‌ஷன்', 'ஆஃப் ஆர்டர் 2' ஆகியவற்றுக்கு முன்னால் எதுவும் வேண்டாம். 'தி ரீமான் ஹைபாதிஸிஸ்' சரி, 'தி காஷி'ஸ் தியரம்' தவறு. இவை வெறும் வழக்கு. ஒரு மணி நேரத்தில் பழகிவிடும்.

ஆய்வு முறையியல் தாளில் இதற்கென ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். பயிற்சிக்குத் தனி வாக்கியங்கள் தேவையில்லை, மாணவரின் சொந்த வரைவே போதும். அதிலுள்ள ஒவ்வொரு 'தி'-யையும் வட்டமிடச் சொல்லி, 'இருக்கிறதா? ஒன்றுதானா? எங்கே நிறுவினீர்கள்?' என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் 'எ' போட வேண்டியிருக்கும், அல்லது விட்டுப்போன ஒரு துணைத்தேற்றத்தை எழுத வேண்டியிருக்கும்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்