சுவருக்குள் குழாய், கல்லீரலுக்குள் குழாய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லீரல் அறுவை சிகிச்சையில் முப்பரிமாணப் படமும் விர்ச்சுவல் ரியாலிட்டியும் (கண்ணாடி மாட்டினால் படத்துக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டுவது) பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்லீரலுக்குள் உலவிவருவதிலேயே முக்கால்வாசி இடம் போய்விட்டது. நோயாளி வீட்டாருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

நான் கடலூரில் வீடு கட்டிக்கொடுக்கும் மேஸ்திரி. பூச்சு வேலைக்கு முன்னால் சுவருக்குள் ஓடும் குழாய்களை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. அப்புறம் ஆணி அடிக்கும்போது தண்ணீர் பீய்ச்சும், எனக்குத்தான் போன் வரும்.

போன வருஷம் என் அண்ணனுக்குக் கல்லீரலில் கட்டி. பாண்டிக்கு பஸ்ஸில் போகும்போது ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கறுப்பும் சாம்பலுமாக இருந்தது, ஒன்றும் விளங்கவில்லை. அங்கே டாக்டர், அதே சி.டி. ஸ்கேனின் மெல்லிய துண்டுப் படங்களை அடுக்கி உண்டாக்கிய கல்லீரலைக் கம்ப்யூட்டரில் சுழற்றிக் காட்டினார். ஒரு குழாய் நீலம், இன்னொன்று சிவப்பு, கட்டி மஞ்சள். எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. இது பிளம்பிங் வரைபடமேதான்! குடலிலிருந்து ரத்தத்தை உள்ளே கொண்டுவரும் போர்ட்டல் சிரையும், இதயத்திலிருந்து கொண்டுவரும் தமனியும் பித்தக்குழாயோடு சேர்ந்தே கிளை பிரிகின்றன. ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகள் அந்தக் கிளைகளுக்கு நடுவே ஓடுகின்றன. இதை வைத்துத்தான் 1957இல் குயினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் கல்லீரலை எட்டுப் பகுதியாகப் பிரித்தாராம். (பாண்டியில் பிரெஞ்சுக்காரர் பெயர் வராமல் எந்தப் பேச்சு முடிந்திருக்கிறது?) ஆனால் கிளை போகும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் அவரவருக்குத் தனிப் படம்.

அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வெட்டினது போக மிச்சம் எவ்வளவுங்க இருக்கும்?” கம்ப்யூட்டர் அந்தக் கணக்கையும் வைத்திருந்தது. நல்ல கல்லீரல் என்றால் கால் பங்கு மிஞ்சினாலும் வளர்ந்துகொள்ளும், சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்படும் நோய்) வந்ததற்கு 40 சதவீதமாவது வேண்டும் என்றார் டாக்டர். அண்ணனுக்கு மிஞ்சப்போகிற பகுதியைத் திரையில் பார்த்த பிறகுதான் அண்ணி ஒப்புதல் கையெழுத்துப் போடப் பேனாவைக் கையில் வாங்கினார்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று. சுவர் நகராது, கல்லீரல் நகரும். மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும், வயிற்றைத் திறந்து கையில் தூக்கினால் வளையும். முன்கூட்டி எடுத்த படம் அப்போது அப்படியே பொருந்தாது என்பதால், அறுவையின்போது கல்லீரல்மேலேயே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். என்ன கண்ணாடி மாட்டினாலும் இந்தச் சிக்கல் இருக்கத்தான் செய்கிறது. திட்டம் போடவும், படிக்கிற டாக்டர்கள் பழகவும் அந்தக் கண்ணாடி நல்லதுதான், சரி.

எங்களுக்குக் கண்ணாடியெல்லாம் வேண்டாம். இப்படிப் படம் தயாரித்திருந்தால், கையெழுத்து வாங்கும் முன் அந்தத் திரையை வீட்டார் பக்கமும் ஐந்து நிமிஷம் திருப்பி, தமிழில் சொல்லட்டும். இதையும் உங்கள் பத்திரிகையில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.