தொலைபேசிக் குரலில் சோதித்த பிறகே வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புகார் எண்களிலும் உதவி எண்களிலும், தமிழில் பேசினால் புரிந்துகொண்டு பதில் சொல்லும் மென்பொருளை வைக்கும் பேச்சு இப்போது பரவலாகியிருக்கிறது. எந்த எண்ணை அழுத்துவது என்று தெரியாமல் திணறும் முதியவர்களுக்கு இது பேருதவி. ஆனால் கூட்ட அறையில் நல்ல மைக்கில் பேசிக் காட்டுவதை நம்பி வாங்கினால், லைனில் அது காலை வாரிவிடும்.

இந்த மென்பொருளுக்குள் பேச்சை எழுத்தாக்கும் மாடல்கள் பெரும்பாலும் நொடிக்கு 16,000 மாதிரிகள் கொண்ட, அதாவது ஒலியை நொடிக்கு 16,000 முறை அளந்தெடுத்த, ஒலிப்பதிவில் பயின்றவை. சாதாரணத் தொலைபேசி லைனில் நொடிக்கு 8,000 மாதிரிகள்தான். அதில் போவது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி. 'ஸ்' ஒலியின் வலுவோ பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. இனிஷியல் சொல்லும்போது 'எஸ்ஸா, எஃப்பா?' என்று எதிர்முனையில் திரும்பக் கேட்பது இதனால்தான். 8,000-ஐ 16,000 ஆக மாற்றிக் கொடுத்தால் கோப்புதான் பெரிதாகும். போன ஒலி திரும்பாது. 4ஜி வழியாகப் போகும் வோல்ட்டி (VoLTE) அழைப்பு தெளிவாக இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரே இணைப்பில் பல அழைப்புகளைக் கொண்டுவரும் கால் சென்டரின் பிஆர்ஐ லைனுக்குள் நுழைந்ததும் அந்தக் குரலும் இதே குறுகலுக்குள் வந்துவிடும்.

செய்ய வேண்டியது, பயிற்சிக்கான ஒலியையே லைன் வழியாக வந்ததுபோல் கெடுப்பது. 8,000 மாதிரிக்கு இறக்கி, தொலைபேசி லைன்கள் குரலைச் சுருக்கி அனுப்பும் முறையான (கோடெக்) ஜி.711 ஏ-லாவிலும், நொடிக்கு 4.75 முதல் 12.2 கிலோபிட் வரை வெவ்வேறு வேகத்தில் கைபேசிகளுக்கான ஏஎம்ஆர் கோடெக்கிலும் செலுத்த வேண்டும். ஆங்காங்கே 20 மில்லி நொடித் துண்டுகளை உருவிவிட்டு, பஸ், பம்புசெட், டிவி இரைச்சலைக் கலக்க வேண்டும். அதன்மேல், அனுமதி பெற்றுப் பதிவுசெய்த உண்மையான அழைப்புகளைக் கொண்டு மாடலை மெருகேற்றுவது அவசியம். அவற்றை எம்பி3 ஆகச் சுருக்காமல், பேசுகிறவர் குரலையும் இயந்திரத்தின் குரலையும் தனித்தனித் தடங்களில் வைக்க வேண்டும். எழுத்தாக்கும்போது 'வந்து', 'டபுள் த்ரீ' எல்லாம் சொன்னபடியே இருக்கட்டும். திருத்தி எழுதினால் மாடல் தப்பாகக் கற்கும்.

அதிகம் சறுக்குவது எண்களில். 'எழுபதா, எண்பதா?' என்பது மனிதக் காதுக்கே குழப்பம். ஓர் இலக்கம் 98 சதவீதம் சரியாக வந்தாலும், 10 இலக்க எண் முழுதும் சரியாக வர 82 சதவீத வாய்ப்புதான். ஆகவே கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்தே தீர வேண்டும். ரசீதைப் பார்த்துப் படிப்பவர் நடுவில் நிறுத்துவார். அரை நொடி அமைதியிலேயே பேச்சு முடிந்தது என்று மென்பொருள் துண்டித்தால் பாதி எண்தான் பதிவாகும். எண் கேட்கும் இடத்திலாவது இரண்டு நொடி பொறுக்க வேண்டும்.

டெண்டரிலேயே இதை எழுதிவிடலாம்: நாகர்கோவில், மதுரை, கோவை, வடசென்னைப் பேச்சு கலந்த நிஜ அழைப்புகளில் சோதனை, சோதனைக் குரல்களில் ஒன்றுகூடப் பயிற்சியில் இருக்கக் கூடாது, இரண்டு முறை புரியாவிட்டால் அழைப்பு உடனே ஊழியருக்குப் போக வேண்டும்.

- பேச்சுத் தொழில்நுட்பப் பொறியாளர்கள் சிலர், சென்னை