பேரனுக்குப் பாதிக் கதை சொல்லாதே

அன்பு மகனுக்கு,

போன கிழமை வீடியோவில் கதைக்கும்போது பேரன் என்னிடம், "அப்பம்மா, பிராட்ஃபோர்டிடம் ஆர்சனல் தோற்றது சின்னப் பொடியன்களை இறக்கினபடியால்தானாம், அப்பா சொன்னவர்" என்றான். நீ மெதுவாகக் குசினிக்குள் போய்விட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

2012 டிசம்பர் 11ஆம் திகதி. லீக் கிண்ணக் காலிறுதி. அந்தக் குளிரில் எங்கள் பிராட்ஃபோர்டின் வாலி பரேட் மைதானத்தில் ஆர்சனலுக்காக இறங்கியவர்கள் வில்ஷியர், கசோர்லா, பொடோல்ஸ்கி, மெர்ட்டசாக்கர், வெர்மாலன். இவர்களா சின்னப் பொடியன்கள்? எதிரே நின்ற பிராட்ஃபோர்ட் நான்காம் பிரிவுக் கழகம். 16ஆவது நிமிடத்தில் எங்கள் கரி தொம்சன் கோல் அடித்தார். சமப்படுத்த ஆர்சனலுக்கு 88ஆவது நிமிடம் வரை பிடித்தது. இடையில் உங்கள் ஜெர்வின்யோ வெறும் கோல் வாசலுக்கு முன்னால் நின்று தவறவிட்டதையும் பேரனுக்குச் சொல். பெனால்டியில் 3-2 என்று பிராட்ஃபோர்ட் வென்றது. கசோர்லா அடித்ததை எங்கள் கோல்காப்பாளர் மாட் டியூக் தடுத்தார், வெர்மாலனின் கடைசி உதை கம்பத்தில் பட்டது.

எனக்கு அதுவரை உதைபந்தாட்டம் என்றால், சனிக்கிழமைகளில் கடைக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லாமல் போகிற தொல்லை, அவ்வளவுதான். அடுத்த நாள் காலை பேப்பர் வாங்க வந்த கிழவர்கள் கடையை விட்டுப் போகவேயில்லை. 1985இல் தீப்பிடித்து 56 பேர் செத்த மைதானம் அது. அவர்களில் சிலர் அன்றைக்கு அங்கே நின்றவர்கள். அதைப் பற்றி வழக்கமாக வாயே திறக்காதவர்கள், அன்று பெனால்டிகளை ஒவ்வொன்றாக எனக்கு நடித்துக் காட்டினார்கள்.

அப்புறம் அரையிறுதி. அஸ்டன் வில்லாவை இங்கே 3-1 என்று வென்று, அங்கே 2-1 என்று தோற்று, மொத்தம் 4-3. அங்கே தலையால் முட்டி கோல் போட்ட ஜேம்ஸ் ஹான்சன் ஒரு காலத்தில் சுப்பர்மார்க்கெட்டில் தட்டுகளில் சாமான் அடுக்கியவர். எங்களைப் போலக் கடை வைத்திருப்பவர்களுக்கு அவர்மேல் தனிப் பாசம் வராதா?

இறுதியாட்டத்துக்கு உன் அப்பா லண்டன் வெம்ப்ளி மைதானத்துக்குப் போனார். பெப்ரவரி 24, சுவான்சியிடம் 5-0. பார்க்கச் சகிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். டியூக் தவறிழைத்துச் சிவப்பு அட்டை வாங்கினார், சுவான்சிக்குப் பெனால்டி. அந்தப் பெனால்டியை யார் அடிப்பது என்று சுவான்சியின் டையரும் டி குஸ்மானும் சண்டை பிடித்தார்கள், மூன்று கோல் முன்னால் இருந்துகொண்டு! ஆனால் பிராட்ஃபோர்ட் சனம் கடைசி வரை எழும்பிப் போகவில்லை. கத்தரிச் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடிகளை ஆட்டிக்கொண்டே நின்றார்கள். அப்பா தொண்டை கட்டித்தான் வீட்டுக்கு வந்தார், இரண்டு நாள் ஒரு பேச்சும் இல்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

அந்த வருஷத்தின் வேடிக்கை இனித்தான் இருக்கிறது. லீக் கிண்ணத்தில் நாங்கள் பெனால்டியில் வெளியேற்றிய விகன், மே 11 அன்று எஃப்.ஏ. கிண்ணத்தையே தூக்கியது. மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக 91ஆவது நிமிடத்தில் பென் வாட்சன் அடித்த ஒரே கோல். நவம்பரில் கால் முறிந்தவர், மாற்று ஆளாக வந்து தலையால் முட்டினார். மூன்று நாள் கழித்து அதே விகன் 4-1 என்று தோற்று முதற் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. ஒரே பருவத்தில் அந்தக் கிண்ணத்தையும் வென்று கீழேயும் இறங்கிய முதல் கழகம் அதுதான். இறக்கியது யார்? உன்னுடைய ஆர்சனல். பிராட்ஃபோர்டோ மே 18 அன்று மறுபடி வெம்ப்ளிக்குப் போய் நோர்தாம்டனை 3-0 என்று வென்று மேல் பிரிவுக்கு ஏறியது. அதில் முதல் கோல் ஹான்சனுடையது.

சரி, உனக்கும் நியாயம் வேண்டும். அடுத்த வருஷம் ஆர்சனல் எஃப்.ஏ. கிண்ணம் எடுத்தது, அதையும் பேரனுக்குச் சொல்லலாம். ஆனால் 2013 பெப்ரவரியில் அதே கிண்ணத்தில் இரண்டாம் பிரிவுக் கழகமான பிளாக்பேர்னிடம் சொந்த மைதானத்திலேயே தோற்று வெளியேறியதை விட்டுவிடாதே. அன்றைக்கும் சின்னப் பொடியன்கள்தான் விளையாடினார்களோ?

நத்தாருக்கு வரும்போது பிள்ளைக்குத் தடித்த காலுறை கொண்டு வா. மருமகளின் இருமல் எப்படி இருக்கிறது என்று எழுது. பேரனின் சட்டை அளவையும் அனுப்பு, கழகக் கடையில் இப்போது மலிவு விற்பனை நடக்கிறது. நீ என்ன சொன்னாலும் நான் வாங்கத்தான் போகிறேன்.

அன்புடன்,
அம்மா