சாலிஸ்பரியிலிருந்து வீட்டுக்கு

சாலிஸ்பரி, மேரிலாந்து
14.09.2013

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

தங்கச்சியின் கடிதம் போன கிழமை கிடைத்தது. நான் உயிரோடுதான் இருக்கிறேனா என்று அம்மா கேட்டதாக முதல் வரியிலேயே போட்டிருக்கிறாள். வைகாசிக்குப் பிறகு எழுதவில்லை, பிழை என்னுடையதுதான். நான் சுகம். சாப்பாட்டுக்குக் குறையில்லை.

தேத்தண்ணியில் ஐஸ் போட்டுக் குடிக்கும் பக்கத்து வீட்டுக் கிழவர் இப்போது கிழமைக்கு ஒரு வாளி நண்டு கொண்டுவருகிறார். அம்மாவின் தூளைப் போட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். கண்ணும் மூக்கும் ஒழுக, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். தூள் முடியப்போகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 6ஆம் திகதி நாசா நிலவுக்கு 'லாடி' என்றொரு விண்கலத்தை அனுப்பியது. ஏவிய இடம் வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவு. இங்கிருந்து காரில் ஒரு மணித்தியாலம். அதையொட்டி ஆசிரியர்களுக்கு மாநாடு வைத்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான டீச்சருக்கு வசதிப்படாததால் என்னை அனுப்பினார்கள். (நான் இன்னும் லீவு எடுப்பவர்களுக்குப் பதிலாகப் போகிற ஆசிரியர்தான். அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், இங்கே பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

நிலவில் காற்றே இல்லை என்றுதான் ஹட்டனில் படிப்பித்தேன். மிக மெல்லிய வாயுப் படலம் ஒன்று இருக்கிறதாம். அதை ஆராயவும், தூசி மேலே எழும்புகிறதா என்று பார்க்கவும்தான் இது போகிறது. அப்பல்லோவில் போனவர்கள் சூரியன் உதிக்குமுன் நிலவின் விளிம்பில் ஒரு மங்கல் வெளிச்சத்தைக் கண்டார்கள். அது தூசியா என்ற கேள்வி நாற்பது வருஷமாகத் தீரவில்லை. 1969இல் தோட்டத்து ஆபீஸ் ரேடியோவில் கேட்டதாக அப்பா சொல்வீர்களே, அதே அப்பல்லோதான். இந்த ராக்கெட்டின் கீழ் மூன்று அடுக்கும் அணுகுண்டு சுமக்கச் செய்த பழைய ஏவுகணையினுடையவை. இப்படியாவது உதவியதே.

மாநாட்டில் நிலவின் பள்ளங்களைச் செய்து காட்டினார்கள். தட்டு நிறையக் கோதுமை மாவு, மேலே கொக்கோத் தூள், அதில் கோலிக்குண்டைப் போட வேண்டும். முடிந்ததும் மாவை அப்படியே குப்பையில் கொட்டினார்கள். நம் வீட்டில் அது ஒரு கிழமை ரொட்டி. எனக்குக் கை வரவில்லை. தங்கச்சி, உன் வகுப்பில் அடுப்புச் சாம்பலைப் பரப்பி, மேலே தேயிலைத் தூசைத் தூவிச் செய். இன்னும் நன்றாகத் தெரியும். மதியச் சாப்பாடு அவர்களே தந்தார்கள். மிஞ்சிய பாண் பொட்டலங்களில் நாலு கொண்டுவந்தேன், இரண்டு நாளுக்குச் சமைக்கிற வேலை இல்லை.

இரவு 11.27க்கு ஏவினார்கள். முதல் நாள்தான் அமாவாசை, போகிற இடம் வானத்திலேயே இல்லை! வெளிச்சம் குபீரென்று எழும்பியது, சத்தம் பிறகுதான் வந்தது. ஏவுதளத்துக் கமராவில் ஒரு தவளையும் எகிறிப் பறப்பது பதிந்திருக்கிறது. படத்தை வெட்டி வைத்திருக்கிறேன், சின்னவளுக்கு.

இந்த ஊரில் ஒரு மேடு கூடக் கிடையாது. கடைசி வரை மறைப்பில்லாமல் பார்த்தோம், எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மஸ்கெலியாவில் வீட்டு இஸ்தோப்பில் நின்று சிவனொளிபாதமலைப் பாதை விளக்குகளைப் பார்ப்பதுதான் ஞாபகம் வந்தது. அந்த விளக்கு வரிசை ஏறி ஏறி மலையில் போய் நிற்கும். இது நிற்காமல் போய்விட்டது. என்னோடு வந்திருந்த பக்கத்து வீட்டுக் கிழவர் தோளில் தட்டி என்ன என்று கேட்டார். நுளம்பு கண்ணில் விழுந்துவிட்டது என்றேன்.

அப்புறம், கூரைத் தகரம். பெரியண்ணன் ஐப்பசி மழைக்கு முன் மாற்றட்டும், ஆனால் மாமாவிடம் இன்னொரு தடவை கைமாற்று வாங்க வேண்டாம். இந்த மாதப் பணம் கொஞ்சம் பிந்தும். பள்ளி விடுமுறை முடிந்து இப்போதுதான் கணக்குப் போடுகிறார்கள், வேறொன்றுமில்லை. அம்மாவின் ஈ.பி.எப். (சேமலாப நிதி) பாரத்தில் பெயர் அடையாள அட்டையில் உள்ளதுபோலவே இருக்கிறதா என்று அப்பா கையெழுத்துக்கு முன் பாருங்கள். போன தடவை ஓர் எழுத்தால்தான் திரும்பி வந்தது. சின்னவளின் புலமைப்பரிசில் முடிவு வந்தால் புள்ளி எதுவானாலும் ஏசாமல் எனக்கு எழுதுங்கள்.

தூள் அனுப்பினால் உறைப்புக் கொஞ்சம் குறைவாக. பாதி கிழவருக்கு.

உங்கள் மகன்