சனிக்கிழமைக் குரல்பதிவுகளுக்குத் துணைநின்றோருக்கு நன்றி

அன்புடையீர்,

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பாசிர் ரிஸ் கடற்கரைகளுக்கு ஞாயிறன்று கிளம்புவோரின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு முதல்நாள் இரவே போய்ச் சேரும், கடலில் மூழ்காமல் இருக்க எச்சரிக்கும் நம் குரல்பதிவுகள் பலர் கைபட்டு உருவானவை. அவர்களுக்கே இந்த மடல்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற உயிர்காப்பாளர் அண்ணனுக்கு. சென்னை மெரினாவில் அலை இரைந்து எச்சரிக்கும். இங்கே கடல் குளம்போல் கிடப்பதால் நம் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள் என்று எடுத்துச் சொன்னவர் அவர். சில நாள்களில் கடல்மட்டம் மூன்று மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். இடுப்பளவு நீரில் நடந்து போனவருக்குத் திரும்பும்போது கால் எட்டாமல் போகலாம். நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு நிலைப்பட்டதும் கையை உயர்த்த வேண்டும் என்று பொறுமையாகக் கற்றுத்தந்தார். மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை என்பதும் அவர் சொல்லித்தான் பலருக்குத் தெரிந்தது.

தொழிலாளர் தங்குவிடுதித் தம்பிகளே, 'கவனமாக இருங்கள்' என்று மட்டும் சொன்னால் போதாது, செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள் என்றீர்கள். 'குதிக்காதீர்கள், எறியுங்கள்' என்ற பதிவு அப்படிப் பிறந்ததுதான். மூடிய காலித் தண்ணீர்க் கேன், ஐஸ் பெட்டி, பந்து என்று மிதக்கும் எதையாவது வீசிவிட்டு உடனே அவசர உதவி எண் 995ஐ அழைக்கச் சொல்லும் பதிவு அது. நண்பனைக் காப்பாற்றக் குதித்தவனும் சேர்ந்து மூழ்கும் கொடுமை இனியாவது நிற்க வேண்டும்.

குரல் கொடுத்த தேக்கா அக்காவுக்கு என்ன சொல்வது! மது அருந்திவிட்டுத் தண்ணீரில் இறங்காதே என்று அவர் அதட்டும்போது பெற்ற தாயே அதட்டுவதாகத் தோன்றுகிறது. எந்தச் சுவரொட்டிக்கும் அந்த வலிமை கிடையாது.

குழு நிர்வாகிகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். இறந்தவரின் படத்தைப் பகிர்ந்தால்தான் பயம் வரும் என்று சிலர் வற்புறுத்தியபோது நீங்கள் உறுதியாக மறுத்தீர்கள். அந்தப் படம் ஊரிலிருக்கும் தாயின் கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் மறுப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இப்போது பங்ளாதேஷ் சகோதரர் ஒருவர் இதே செய்திகளை வங்காள மொழியில் பேசித்தர முன்வந்திருக்கிறார். 2021இல் ஐக்கிய நாடுகள் சபை, நீரில் மூழ்குதலைத் தடுப்பதற்கான உலக நாளாக ஜூலை 25ஐ அறிவித்தது. அந்த நாளுக்குள் அவருடைய பதிவுகளும் தயாராகிவிடும். உங்கள் விடுதியில் வங்காளம் பேசும் நண்பர்கள் இருந்தால் அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.

நன்றியுடன்,
குரல்பதிவுக் குழுவின் சார்பில்